64 லட்சம் கன்றும் ஒரு கைப்பிடி மண்ணும்

2012-ல் தமிழ்நாட்டில் ஒரு மாபெரும் மரம் நடும் திட்டம் ஆரம்பித்தது. இலக்கு 64 லட்சம் கன்றுகள். அதென்ன 64 லட்சம்? எத்தனை ஏக்கர் பொட்டலாகக் கிடக்கிறது, எத்தனை நாற்றங்கால் இருக்கிறது, எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை என்று கூட்டிக் கழித்து வந்த எண்ணா? அட, அதெல்லாம் இல்லை. அப்போதைய முதல்வருக்கு அது 64-வது பிறந்தநாள். அடுத்த வருடம் 65 லட்சம். அதற்கடுத்த வருடம் 66 லட்சம். அவர் மறைந்த பிறகும் கணக்கு நிற்கவில்லை. 2017-ல் 69 லட்சம். தலைவருக்கு வயது ஏற ஏறக் காடும் ஏறும் என்ற சூத்திரத்தை எந்த வனவியல் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது :-)

ஆட்சி மாறியது, எண்ணும் மாறியது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. பத்து ஆண்டுகளில் 260 கோடி மரக்கன்றுகள். மாநிலப் பரப்பில் அப்போது 24 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக இருந்த காடு, மரப் பரப்பை 33 விழுக்காடு ஆக்குவது நோக்கம். 33 என்பதாவது 1988 தேசிய வனக் கொள்கையிலிருந்து வந்தது, பிறந்த தேதியிலிருந்து இல்லை. அந்த வகையில் முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு ஆட்சிக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. எண்ணுவது கன்றை மட்டும். அந்தக் கன்று எந்த மண்ணில் போய் நிற்கப் போகிறது, அந்த மண்ணுக்குள் உயிர் இருக்கிறதா என்ற கேள்வி மேடைக்கு வருவதே இல்லை.

ஒரு கம்பெனி தன் ஆண்டறிக்கையில் வாங்கிய சரக்கை மட்டும் எழுதிவிட்டு, கிடங்கில் கெட்டுப்போனதை எழுதாமல் விட்டால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? கடன் கொடுத்த தொகையை மட்டும் காட்டி வாராக்கடனை மறைக்கும் வங்கியை யார் நம்புவார்கள்? மரத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. நட்டது வரவு. செத்தது யார் கணக்கிலும் இல்லை.

செத்தது எவ்வளவு என்பதற்கு ஓரளவு விடை இருக்கிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் 176 இடங்களில் நட்ட கன்றுகளின் கதியைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2022-ன் இறுதியில் வெளியானது. சராசரியாக முதல் ஆண்டுக்குள் 18 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளுக்குள் 44 விழுக்காடு கன்றுகள் காலி. இது சராசரி. நல்ல மழைக்காடுகளும் இதில் அடக்கம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஏற்கெனவே சில பெரிய மரங்கள் நிற்கும் இடத்தில் நட்ட கன்றுகள், மொட்டைப் பொட்டலில் நட்டவற்றைவிட அதிகம் பிழைத்தன. நிழல் ஒரு காரணம், ஈரம் ஒரு காரணம். மண்ணுக்குள் இருக்கும் காரணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் பல பத்தாண்டுகளாக அரசு மரம் நட்டதை ஆராய்ந்து 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வு, அத்தனை நட்டும் காட்டின் அடர்த்தி கூடியதற்கு அத்தாட்சி இல்லை என்றது. பல பத்தாண்டுகள்!

ராமநாதபுரத்துக்கு வருவோம். அரசு ஊழியரை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சினிமாவில் வசனம் வைப்பார்களே, அந்த ஊர். உண்மையில் இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சால்மரில் 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு. ஆக, தண்ணியில்லாத காடு என்பது பாதிப் பொய். பெய்வதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச மாதங்களில் வெயில் மட்டும்தான் என்பது நிஜம். அதற்காகத்தானே முன்னோர்கள் நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் மாதிரி கண்மாய்களை வெட்டி வைத்தார்கள்.

காடு என்ற பாதியும் இப்போது பொய்யாகிக்கொண்டு வருகிறது. ராமநாதபுரத்தில் காடு எது என்று கேட்டால் பலரும் சீமைக்கருவேலத்தைக் காட்டுவார்கள். அது 1877-ல் கடப்பை வழியாக இந்தியாவுக்குள் வந்த மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். இந்த மண்ணின் காடு வேறு. குடை விரித்த மாதிரி நிற்கும் குடைவேல் (உடைமரம் என்பார்கள்), உகா, பாலை, வேம்பு, நாட்டுக்கருவேல், கடலோரத்தில் தாழை, பூவரசு, எங்கும் பனை. ராமேஸ்வரம் தீவுக்குள் போகும்போது சாலையோரத்தில் தலை தட்டையாக, ஆப்பிரிக்கப் படங்களில் வருவது போல நிற்குமே, அதுதான் குடைவேல். போட்டோ எடுத்தவர்கள் உண்டு, பெயர் கேட்டவர்கள் குறைவு. புத்தகத்தில் இதற்கு முட்காடு என்று பெயர். யானை இல்லை, அருவி இல்லை, அதனால் இதைக் காடு என்றே யாரும் மதிப்பதில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் பல இடங்களில் தரிசு அல்லது புறம்போக்கு.

இப்படிப்பட்ட இடத்தில், மழை மூன்று மாதம்தான் என்று தெரிந்தும் இந்த மரங்கள் எப்படி வாழ்கின்றன? வேர் ஆழமாகப் போகும், இலை சின்னது, சரி. அதோடு ஒரு கூட்டாளி இருக்கிறது. வேர் உட்பூசணம். விவசாயிகளுக்கு "வேம்" என்றால் தெரியும், உரக்கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து குட்டி மரம் மாதிரி கிளை விரித்து உட்கார்ந்துகொள்ளும் பூசணம். அங்கிருந்து வெளியே மண்ணுக்குள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளை அனுப்பும்.

இதில் வியாபாரம் இருக்கிறது, தர்மம் இல்லை. மண்ணில் பாஸ்பரஸ் அநேகமாக நகராது. ராமநாதபுரம் மாதிரி சுண்ணாம்பு கலந்த மண்ணில் அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அசையவே அசையாது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதைத் தின்று முடித்ததும் அந்த வட்டம் காலி. தள்ளி இருப்பதை எடுக்க வேர் அங்கே வளர்ந்து போக வேண்டும், அது செலவு. பூசண இழை மெலிசு, மலிவு, பல சென்டிமீட்டர் தூரம் போய்க் கொண்டுவந்து தரும். கூலியாக மரம் தான் வெயிலில் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. தயாரிப்பில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூசணத்துக்குப் போகும் என்று கணக்கிடுகிறார்கள். 20 விழுக்காடு கமிஷன் கொடுத்தும் ஒரு வியாபாரி அந்த ஏஜெண்டை விடவில்லை என்றால், அந்த ஏஜெண்ட் இல்லாமல் கடை நடக்காது என்று அர்த்தம். நிலத்தில் வாழும் செடி இனங்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்லாய்ப்போன செடிகளுக்குள்ளேயே இந்தப் பூசணம் இருக்கிறது. அப்போது செடிகளுக்கு ஒழுங்கான வேரே வந்திருக்கவில்லை!

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பனைக் குடும்பத்து மரங்களின் வேர் தடியானது, மற்றச் செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகள் அதற்கு அநேகமாகக் கிடையாது. அதாவது உறிஞ்சுவதற்கான சொந்தக் கருவி குறைச்சல். பூசணத்தை நம்பித்தான் பிழைப்பு. ராமநாதபுரத்தின் அடையாளமே பனை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாயும் இந்தக் கூட்டணியில் இருக்கும் செடிதான்.

ஆக, நாற்றங்காலிலிருந்து வரும் கன்று என்பது பாதி ஜீவன். மீதிப் பாதி மண்ணில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறதா?

இங்கேதான் கோபம் வருகிறது.

முதல் குற்றவாளி ஜேசிபி. 2017 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அந்த ஆண்டே இடைக்காலத் தடையும் வந்தது, பிறகு விலகியது. 2022-ல் மாநில அரசு அயல் தாவரங்களை அகற்றி வனத்தை மீட்பதற்கென்று கொள்கையே வெளியிட்டது. அகற்ற வேண்டியதுதான், அதில் சண்டை இல்லை. கண்மாய்க்குள் அந்த மரம் நின்றால் தண்ணீருக்கு இடம் ஏது? ஆனால் அகற்றிய விதத்தைப் பாருங்கள். அந்த மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனே விடாது, அதன் நிழலில் நிற்கும் மாடு மலடாகும் என்று ஃபார்வர்டு மெசேஜ்கள் பறந்தன. பேயை ஓட்டுகிற உற்சாகத்தில் இயந்திரம் இறங்கியது. மரத்தோடு சேர்த்து மேல்மண்ணையும் புரட்டிப் போட்டு, ஏக்கர் கணக்கில் மொட்டையடித்து, வெயிலில் காயவிட்டார்கள்.

இந்தப் பூசணம் பெரும்பாலும் வசிப்பது மேல்மண்ணில், ஒரு முழ ஆழத்துக்குள். அது உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. ஆய்வகத்தில் தட்டில் வைத்துத் தனியாக வளர்க்க விஞ்ஞானிகளே திணறும் ஜீவன் இது. சோளமோ மக்காச்சோளமோ நட்டு அதன் வேரில்தான் வளர்க்க வேண்டும், இல்லையென்றால் ஆய்வகத்தில் தனியாக வளர்த்த வேரில். வேரே இல்லாத மொட்டை மண்ணில் வித்துக்கள் சில காலம் காத்திருக்கும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து விவசாயிகளுக்கு இது அனுபவம். நிலத்தை நீண்ட நாள் வெறுமனே போட்டுவிட்டுப் பிறகு விதைத்தால் பயிர் சோகை பிடித்து நிற்கும். மண்ணில் சத்து இருக்கிறது, எடுத்துத் தரும் ஆள் இல்லை. 1980-களில் அங்கே இதை ஆராய்ந்து, பூசணம் குறைந்துபோனதுதான் காரணம் என்று காட்டினார்கள். அங்கே தெரியாமல் நடந்ததை இங்கே டீசல் செலவழித்துச் செய்கிறோம்.

இதில் வேடிக்கை, சீமைக்கருவேலத்தின் வேரிலும் இதே வகைப் பூசணம் வாழ்கிறது. இந்தப் பூசணங்கள் பெரும்பாலும் ஆள் பார்த்துப் பழகுவதில்லை, பல இனச் செடிகளோடும் ஒட்டும். அப்படியென்றால் சீமைக்கருவேலக் காட்டின் மண் செத்த மண் இல்லை. தப்பான குடியிருப்பாளர் இருக்கும் வீடு, அவ்வளவுதான். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொன்னால் வீட்டையே இடித்துவிட்டு வருகிறார்கள். மரத்தை அறுத்து, மறுபடி துளிர்க்காதபடி தூரை மட்டும் தோண்டி எடுத்து, பட்டை பட்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்து, இடையில் கிடக்கும் புல்லையும் செடியையும் விட்டுவைத்து, அந்த மழையிலேயே வேம்பும் குடைவேலும் நட்டால் கன்றின் வேருக்குத் துணை அங்கேயே கிடைக்கும். இது மெதுவான வேலை, ஆள் கூலி அதிகம். ஆனால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஜனங்களுக்கு வெட்டுவது கைவந்த வேலை. அவர்களை எதிரியாக்கிவிட்டு இயந்திரத்துக்குக் காசு கொடுப்பதில் என்ன பொருளாதாரம் இருக்கிறதோ!

இரண்டாவது குற்றவாளி பாலித்தீன் பை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு. நாற்றங்கால் நடத்தும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆழத்தில் தோண்டி லாரியில் வந்த மண் என்றால் அதில் பூசணம் இருக்க வாய்ப்புக் குறைவு. இதற்கு மேல் கன்று கண்ணுக்குப் பச்சையாக, உயரமாகத் தெரிய வேண்டும் என்று டிஏபி கரைத்து ஊற்றினால் கதை முடிந்தது. பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூசணத்துக்குக் கதவைச் சாத்திவிடும். சும்மா கிடைக்கும் பொருளுக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள்? மூன்று அடி உயரம், பளபளவென்று இலை, விழா மேடையில் அமைச்சர் கையில் அழகாக இருக்கும். அதைக் கொண்டுபோய் திருப்புல்லாணிப் பக்கத்துப் பொட்டலில் நட்டுப் பாருங்கள். ஜனவரியில் மழை நின்றதும் அது தேடுவது டிஏபியை. அங்கே யார் ஊற்றுவார்கள்?

இதைச் சொல்ல விஞ்ஞானி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. கோவையில் 1988-ல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. அங்கேயே வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாற்றங்காலில் வேம் இடுங்கள் என்று இரண்டும் பல காலமாகச் சொல்கின்றன. டெல்லியில் டெரி நிறுவனம் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய மேட்டிலேயே பூசணத்தின் துணையோடு பச்சை பிடிக்க வைத்துக் காட்டியது. சாம்பலில் முடிந்தது மண்ணில் முடியாதா?

உடனே ஒருவர் கேட்பார்: "சரி, அப்படியானால் வேம் பாக்கெட் வாங்கிக் குழிக்கு ஒரு கை போட்டுவிட்டால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?"

மூன்றாவது குற்றவாளி அந்தப் பாக்கெட்தான். எல்லாப் பாக்கெட்டும் இல்லை. ஆனால் 28 வணிகத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2022-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பசுமைக்குடில் சோதனையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவை வேரில் பூசணத்தை ஏற்றவே இல்லை. ஏறவே இல்லை! உயிருள்ள பொருளை வெயிலில் நிற்கும் லாரியில் ஏற்றி, தகரக் கூரைக் கிடங்கில் மாதக்கணக்கில் வைத்து, தேதி மாற்றி விற்றால் உள்ளே மிஞ்சுவது களிமண் தூள். இந்தியாவில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் இதற்குத் தரம் வகுத்திருக்கிறார்கள். விதை நெல் வாங்கினால் பத்து விதையை ஈரத்துணியில் போட்டு முளைக்கிறதா என்று பார்க்கும் ஊர் இது. வேம் வாங்குகிறவர் என்ன செய்து பார்ப்பார்? நுண்ணோக்கியும் சாயமும் வேண்டும். வாங்குகிறவரால் தரம் பார்க்க முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டும் என்பது பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கிய விஷயம் (பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதினார், 2001-ல் பரிசு). பூசணத்துக்கும் அது அச்சாகப் பொருந்தும்.

போகிற போக்கில் இன்னொரு கூட்டத்தையும் தட்டிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. மரங்கள் பூசண இழை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டி மரத்துக்குப் பால் ஊட்டுகிறது, அவதார் படத்தில் வருவது நிஜம் என்று உருகுகிறவர்கள். 1997-ல் சூசன் சிமார்டும் கூட்டாளிகளும் கனடாக் காட்டில் இரண்டு மரங்களுக்கு இடையே கார்பன் போய் வந்ததைக் காட்டியது உண்மை. அதற்கு மேல் கட்டிய மாளிகையில் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம் இல்லை என்று 2023-ல் மூன்று பேர் எழுதினார்கள். அதில் ஒருவரான மெலனி ஜோன்ஸ் அதே 1997 கட்டுரையின் இணை ஆசிரியர்! அது மட்டுமில்லை, அந்தக் கனடா மரங்களின் முக்கியக் கூட்டாளி வேருக்கு மேல் உறை போடும் வேறு வகைப் பூசணம். நம் வேம்புக்கும் பனைக்கும் உள்ளே நுழையும் வகை. பாசக் கதை இல்லாமலே இந்தப் பூசணம் போதுமான அளவு அதிசயம். கதை கட்டினால் என்ன நஷ்டம் என்றால், நாளைக்குக் கதை பொய் என்று தெரியும்போது பூசணமே பொய் என்று அதிகாரி ஃபைலை மூடிவிடுவார்.

உறை போடும் வகை என்றதும் போர்ட்டோ ரிக்கோ ஞாபகத்துக்கு வருகிறது. அந்தத் தீவில் 1930-களிலிருந்து பைன் மரம் வளர்க்கப் பார்த்தார்கள். விதை முளைக்கும், ஒரு சாண் வளரும், மஞ்சளாகிச் சாகும். உரம் போட்டார்கள், நடக்கவில்லை. 1955-ல் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளுக்கு இட்டார்கள். இட்டவை எழுந்து நின்றன, இடாதவை செத்தன. இருபது வருடப் பிரச்சினைக்குத் தீர்வு கொஞ்சம் மண். ராமநாதபுரத்து நிலைமை அவ்வளவு மோசம் இல்லை, பைன் பூசணம் அந்தத் தீவில் இல்லவே இல்லை, இங்கே நம் பூசணம் ஆங்காங்கே இருக்கிறது. அங்கே பஞ்சம், இங்கே பற்றாக்குறை. பற்றாக்குறைக்கு வெளியூர்ச் சரக்கு எதற்கு? பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாமே.

அதாவது, அதே வட்டாரத்தில் நிற்கும் பழைய குடைவேலின் அடியிலிருந்து, பழைய வேம்பின் அடியிலிருந்து, சருகை விலக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்குள் மெல்லிய வேரோடு சேர்த்து எடுத்த மண். அதை நாற்றங்கால் கலவையில் சேர்ப்பது. கன்றுக்கு ஒரு கைப்பிடி போதும். தெரியாத ஊர்ப் பூசணத்தைவிட உள்ளூர்ப் பூசணம் நன்றாக வேலை செய்வதை வெளிநாட்டுப் புல்வெளி மீட்பு வேலைகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

கோயில்காட்டு மண்தான் சிறந்தது, அங்கேதான் ஆதிப் பூசணம் இருக்கும் என்று சிலர் மண்வெட்டியோடு கிளம்பலாம். வேண்டாம். முதலாவது, மிச்சமிருக்கும் கோயில்காடுகளின் மண்ணை அள்ளினால் அதுவும் போய்விடும், அய்யனாரும் சும்மா விடமாட்டார். இரண்டாவது, அது சிறந்தது என்பதே நிச்சயமில்லை. மெக்சிகோவின் பருவமழைக் காட்டில் மைக்கேல் ஆலன், எடித் ஆலன் குழுவினர் சோதித்து 2003-ல் எழுதினார்கள். முதிர்ந்த காட்டு மண்ணை இட்ட கன்றுகளைவிட, இளம் காட்டு மண்ணை இட்ட கன்றுகள்தான் நன்றாக வளர்ந்தன. முதிர்ந்த காட்டுப் பூசணம் கூலி அதிகம் கேட்கும் வகை என்று தெரிகிறது. பச்சைக் கன்றுக்கு அது கட்டுப்படியாகாது. புதுக்கடைக்கு ஏற்ற பங்காளி வேறு, பெரிய கடைக்கு ஏற்ற பங்காளி வேறு. ஆகவே வெயிலில் காய்ந்து நிற்கும் குடைவேலின் அடிமண், பொட்டலில் நடப்போகும் கன்றுக்குப் பொருத்தமான பங்காளியாக இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. நூற்புழு, வேரழுகல் இல்லாத மண்ணாகப் பார்த்து எடுக்க வேண்டும், காய்கறித் தோட்டத்து மண்ணை எடுக்கக் கூடாது, ஒரே மரத்தடியில் குழி பறிக்காமல் பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

கடற்கரைக் கதை இன்னும் மோசம். 2004 சுனாமிக்குப் பிறகு உலக வங்கிப் பணத்தில் தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். அலையைத் தடுக்கும் பச்சைச் சுவர் என்று பெயர். சவுக்கு கெட்ட மரம் என்பதல்ல வாதம், அதற்கும் வேரில் நைட்ரஜன் பிடித்துத் தரும் சொந்த நண்பர்கள் உண்டு. ஆனால் அது நிற்கும் இடத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது? மணல்மேடு. அதன் மேல் இராவணன் மீசையும் அடம்பங்கொடியும். அந்தக் கொடி, புல்லின் வேரில் இருக்கும் பூசண இழைகள் மணல் துகள்களைப் பின்னிப் பிடித்து வைக்கும். மணல்மேடுதான் கடலுக்கு முதல் சுவர். அதன் மேல் நெருக்கமாகச் சவுக்கை நட்டு, உதிரும் ஊசிச் சருகால் தரையை மூடினால் கொடியும் புல்லும் போகும், மணலைப் பிடித்திருந்த பின்னலும் போகும். தனுஷ்கோடிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் ஊரை இழந்த இடம் அது. அங்கே மணல் ஒரு இடத்தில் நிற்பது அழகுக்கான விஷயம் இல்லை.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. பிழைக்காத கன்றுக்கெல்லாம் பூசணமா காரணம்? ஆடு மேய்கிறது, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, நவம்பரில் நட வேண்டியதை சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5-ஆம் தேதி அக்கினி வெயிலில் நடுகிறார்கள். எல்லாம் உண்மை. வெள்ளாட்டை எந்தப் பூசணமும் தடுக்காது. ஜூனில் நட்ட கன்றைக் கடவுளே வந்தாலும் காப்பாற்றுவது கஷ்டம். ஆனால் வேலி போடச் செலவு உண்டு, தண்ணீர் ஊற்றச் செலவு உண்டு. ஒரு கைப்பிடி மண்ணுக்கும், டிஏபி ஊற்றாமல் இருப்பதற்கும் என்ன செலவு? செலவே இல்லாத காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் பணப் பற்றாக்குறையாக இருக்க முடியாது. ஒருவேளை செலவே இல்லை என்பதுதான் காரணமோ என்னவோ. டெண்டர் விடமுடியாத பொருளுக்குத் திட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம் :-)

பனைக்கு மட்டும் தற்செயலாக நல்லது நடந்திருக்கிறது. 2021-ல் மாநிலத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் விநியோகிப்பதாக அறிவித்தார்கள். விதை, கன்று இல்லை. பனங்கொட்டையை நேரே மண்ணில் ஊன்றுகிறோம். அது கிழங்கை இறக்கி, வேரை விடும்போதே அந்த ஊர்ப் பூசணத்தைச் சந்திக்கிறது. பாலித்தீன் பை இல்லை, டிஏபி இல்லை, லாரி இல்லை. கண்மாய்க் கரையில் ஊன்றிவிட்டு மறந்துபோனாலும் ஓரளவு வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வேம்புக்கும் குடைவேலுக்கும் உகாவுக்கும் இதே மாதிரி நேரடி விதைப்பை மழைக்கு முன்னால் முயன்று பார்க்கலாம். விழாவுக்குத்தான் கஷ்டம். அமைச்சர் கையில் மூன்று அடிக் கன்று கொடுத்தால் போட்டோ, கொட்டையைக் கொடுத்தால் கேலிச்சித்திரம்.

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் போகிற இடமெல்லாம் மாணவர்களை மரம் நடச் சொன்னார். அவர் சொல்லைக் கேட்டு நடிகர் விவேக் ஒரு கோடி இலக்கு வைத்து 2021-ல் இறக்கும் வரை நட்டுக்கொண்டே இருந்தார். அந்த உழைப்பைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்படி நட்டவர்களுக்கு அரசு செய்ய வேண்டிய மரியாதை, இன்னொரு கோடி என்று அறிவிப்பது இல்லை. நட்ட இடத்துக்கு மூன்றாவது ஆண்டு கோடையில் திரும்பப் போய் உயிரோடு நிற்பதை எண்ணி, அந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதுவது. நாற்றங்காலுக்குப் பணம் கொடுக்கும்போது கன்றின் உயரத்தை டேப் வைத்து அளக்கிறவர்கள், நூற்றுக்கு ஐந்து கன்றின் வேரைக் கழுவி ஏதாவது ஒரு கல்லூரி தாவரவியல் துறைக்கு அனுப்பட்டும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே பூசணம் இருக்கிறதா இல்லையா என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் கல்லூரிகள் இருக்கின்றன, மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பும் தேவைப்படுகிறது.